இழுத்தால் விட்டுவிடும் தூண்டில்

என் வாழ்நாளில் ஒரே ஒரு முறை நான் மீனாக இருந்திருக்கிறேன். அதுவும் தலையில் மஞ்சள் ஹெல்மெட் போட்ட மீன்.

எங்கள் குவார்ட்டர்ஸின் பின்பக்கத் தோட்டம். முருங்கை மரத்தடியில் என் வீட்டுக்காரர் அருளானந்தம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவருடைய வலது முன்கையோடு சேர்த்து ஒரு தூண்டில் கட்டப்பட்டிருந்தது. தூண்டிலிலிருந்து வந்த நைலான் நரம்பின் நுனியில் முள்ளுக்குப் பதிலாக என்னுடைய பூரிக்கட்டை. அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, நைட்டிக்கு மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு, துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் நான் நின்றேன்.

"மதினி, ஹெல்மெட் பட்டையை நல்லா மாட்டிக்கிடுங்க" என்றார் பரமசிவம். அவர் பக்கத்து வீட்டுக்காரர், திருநெல்வேலிப் பக்கத்து மனிதர், சேஃப்டி செக்‌ஷனில் வேலை. வீட்டில் பல்பு மாற்ற ஸ்டூலில் ஏறினாலும் கீழே ஒருவரை விசிலோடு நிறுத்திவிட்டுத்தான் ஏறுவார்.

"மீனுக்கு எதுக்குத் தம்பி ஹெல்மெட்டு?"

"ட்ரயல் ரன்னுல அடிபடுறது எப்பவும் சும்மா நிக்கிற ஆளுதான் மதினி."

மூன்றாவது ஆள் கமால் பாய். மந்தாரக்குப்பத்தில் சைக்கிள் கடை. இருபது வருஷமாக என் வீட்டுக்காரரோடு ஏரிக்குப் போகிறவர். எப்படி ஓட வேண்டும் என்று அவர்தான் எனக்கு வகுப்பெடுத்தார்.

"வெறாலு மீனு நேரா ஓடாது தங்கச்சி. மொதல்ல சும்மா கெடக்கும். அப்புறம் ஒரே வெட்டா வெட்டிகினு போவும். நீ கோவம் வந்தா அம்மா வூட்டுக்குக் கெளம்புவியே, அந்த மாதிரிப் போ."

கோபத்துக்கு எனக்கு அப்போது குறைச்சலே இல்லை. ஏன் என்று சொல்லிவிட்டு வருகிறேன். அதுவரை மீன் அந்தக் கல்லுக்குப் பக்கத்திலேயே நிற்கட்டும்.

பலாப்பழம் பிழைத்தது

பெரிய புயல் வந்து எங்கள் பக்கத்துப் பலாவும் முந்திரியும் சாய்ந்ததற்கு இரண்டு மூன்று வருஷம் கழித்து இது நடந்தது. எந்த வருஷம் என்று சரியாக நினைவில்லை. பலாப்பழ சீசன் என்பது மட்டும் நிச்சயம்.

திருவதிகையில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு என் வீட்டுக்காரர் ஸ்கூட்டரில் திரும்பிக்கொண்டிருந்தார். காலுக்கு நடுவே ஒரு பலாப்பழம். வழியில் நாய் குறுக்கே வந்தது. வண்டி சாய்ந்தது. புத்தி உள்ளவன் கையை ஊன்றுவான், இல்லை ஹேண்டிலையாவது பிடிப்பான். இவர் இரண்டையும் விட்டுவிட்டுப் பழத்தைக் கட்டிப்பிடித்தார்.

பழத்துக்கு ஒரு கீறல்கூட இல்லை. கையில் மூன்று இடத்தில் முறிவு. ஆஸ்பத்திரியில் அவரைப் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் முதலில் பழத்தைத்தான் விசாரித்தார்கள். நல்ல தித்திப்பு. எட்டு வீட்டுக்குக் கொடுத்தோம்.

எலும்பு கூடிவிட்டது. நரம்புதான் மனசு வைக்கவில்லை. கட்டைப் பிரித்த பிறகு வலது கை விரல்கள் பாதிக்கு மேல் மடங்கவில்லை. டம்ளரைக் கொடுத்தால் நழுவியது. சாவியைக் கொடுத்தால் நழுவியது. டாக்டர் ஒரு ஸ்பான்ஜ் பந்தைக் கொடுத்துத் தினமும் பிசையச் சொன்னார். சரியாகும், ஆனால் நாளாகும் என்றார்.

நாளாகும் என்பது என் வீட்டுக்காரருக்குப் புரியாத பாஷை. நிலக்கரிச் சுரங்கத்தில் முப்பது வருஷம் கன்வேயர் செக்‌ஷனில் இருந்தவர். அங்கே பெல்ட் பத்து நிமிஷம் நின்றால் பத்து போன் வரும். பந்தை நாலு நாள் பிசைந்து பார்த்தார். ஐந்தாம் நாள் அது மாமரத்தில் இருந்தது.

அடுப்படியில் ஒரு கன்ட்ரோல் ரூம்

மெடிக்கல் லீவில் ஒரு ஃபோர்மேனை வீட்டில் வைத்துக்கொள்வது எப்படி இருக்கும் என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். காலையில் எழுந்ததும் அடுப்படி வாசலில் நாற்காலியைப் போட்டுக்கொள்வார்.

"குக்கர் எத்தினி விசிலு?"

"மூணு."

"நேத்து நாலு வந்துச்சே. ஏன் கொறைஞ்சுது?"

ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டினார். ஷிப்டுக்கு ஒரு கட்டம். எந்த ஷிப்டில் எத்தனை விசில், பால் எத்தனை மணிக்குப் பொங்கியது என்று நான் எழுத வேண்டுமாம். கேஸ் சிலிண்டரில் சிவப்பு அட்டை தொங்கியது. 'ஆபரேட்டர் தவிர பிறர் தொடக்கூடாது.' அந்த வீட்டில் ஆபரேட்டர் நான் ஒருத்திதான்.

முன்னறையில் நான் பிளவுஸ் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். என் தையல் மெஷினுக்கும் அவர் இடது கையாலேயே எண்ணெய் போட்டார். கன்வேயர் ரோலருக்குப் போடுகிற அளவு போட்டார். அன்று மெஷினில் இருந்தது ஒரு கல்யாணப் பெண்ணின் பட்டு ரவிக்கை. அதற்கப்புறம் நடந்ததை எழுதினால் பத்திரிகையில் எனக்குக் கொடுத்த இந்த வாரப் பக்கம் போதாது.

பொறுக்க முடியாமல் கமால் பாயைக் கூப்பிட்டேன். "பாயண்ணே, புண்ணியமாப் போவும். இவரை எப்டியாவது ஏரிக்கு ஓட்டிகினு போயிடுங்க."

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் கூட்டிப்போனார். ஒரு மணி நேரத்தில் திரும்பிவிட்டார்கள். நடந்தது இதுதான். தூண்டில் கையில் நிற்கவில்லை என்று பார்த்த கமால் பாய், பாசத்தில், பின்னாலிருந்து அவர் கைமேல் தன் கையை வைத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறார், அரிசியில் குழந்தைக்கு 'அ' எழுதப் பழக்குகிற மாதிரி. கரையில் இருந்த ஒருவர் சிரித்துவிட்டார்.

என் வீட்டுக்காரர் தூண்டிலைப் பரணில் போட்டார். பிறகு அடுப்படி வாசலில் நின்று சபதம் போட்டார்.

"என் கையால ஒரு மீனு கரைக்கு வர்ற வரைக்கும் இந்த வூட்டுல மீனு வேகக் கூடாது."

நான் சிரிக்க வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது. கண் நிறைந்திருந்தது. கை ஒடிந்த அன்றுகூட அந்த மனிதர் அழவில்லை. எனக்கு உண்மையிலேயே பயமாகிவிட்டது. இவர் இனி எழுந்து வெளியே போகவே மாட்டாரோ என்று பயந்தேன்.

மீன் இல்லாத கஷ்டம் தனி. தவக்காலத்தில்கூட மீனுக்குத் தடை கிடையாது. சாமியே போடாத தடையை இவர் போட்டார். மூன்று மாதம் ஓடியது. பக்கத்து வீட்டில் நெத்திலி வறுத்தால் நான் ஜன்னலோரம் நின்று மூச்சை இழுத்துக்கொள்வேன். இப்போது புரிகிறதா, எனக்கு ஏன் கோபம் என்று?

கிணற்றை எட்டிப் பார்த்த மாப்பிள்ளை

இந்த மனிதருக்கும் மீனுக்கும் உள்ள உறவு எனக்கும் அவருக்கும் உள்ள உறவைவிடப் பழையது.

குறிஞ்சிப்பாடிப் பக்கம் எங்கள் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்த அன்று, காபித் தட்டோடு நான் வந்து நிற்கிறேன். மாப்பிள்ளை நாற்காலி காலி. எங்கே என்று தேடினால் கொல்லையில் கிணற்றுக்குள் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். என் அப்பா பதறி ஓடினார். அவர் நிமிர்ந்து, "உள்ள கெளுத்தி கெடக்குதுங்க, தெரியுமா?" என்றார். கல்யாணம் நிச்சயமானது. என் முகத்தை அவர் முதல் முதலாக நிதானமாகப் பார்த்தது கோயிலில் மோதிரம் போடும்போதுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் டவுன்ஷிப்பில் உடைந்த பொருளை யாரும் தூக்கிப் போடுவதில்லை. 'மாடிஃபை' செய்வார்கள். எங்கள் வீட்டுத் துணிக்கொடி இரும்பு வடம். அதில் ஜீப்பையே காயப்போடலாம். ஒரு கிறிஸ்துமஸுக்கு வாசல் நட்சத்திரம் சுற்ற வேண்டும் என்று இவர் ஒரு பேரிங்கை மாட்டினார். நட்சத்திரம் சுற்றியது. அது போட்ட சத்தத்தில் தெருவில் மேய்ந்த மாடுகள் அடுத்த பிளாக்குக்கு ஓடிவிட்டன.

அப்படிப்பட்ட ஊரில், பிடிப்பு இல்லாத ஒரு கைக்காகத் தூண்டிலை மாற்ற வேண்டும் என்று பேச்சு வந்தால் சும்மா இருப்பார்களா?

விரல் போனால் முழங்கை

முதல் யோசனை கமால் பாயுடையது. பரணிலிருந்து தூண்டிலை அவரே இறக்கினார். பிடியைப் பருமனாக்கினால் பாதி மடங்கின விரலுக்கே அடங்கிவிடும் என்றார். ஏ.சி. குழாயைச் சுற்றுகிற கறுப்பு ஸ்பான்ஜைச் சுற்றினார். அதன்மேல் சைக்கிள் டியூபைச் சுற்றினார். யோசனை நல்ல யோசனைதான். சுற்ற ஆரம்பித்தவருக்கு நிறுத்தத் தெரியவில்லை. கடைசியில் அது உலக்கை ஆகிவிட்டது. நல்ல கையாலேயே அதைப் பிடிக்க முடியவில்லை. பாதியைப் பிரித்தோம்.

அப்போதும் ஆள்காட்டி விரல் பக்கம் நின்றது, சுண்டுவிரல் பக்கம் நழுவியது. என் வீட்டுக்காரர் அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "வெரலு புடிக்கலன்னா மொழங்கை புடிக்கட்டும்" என்றார்.

மூன்று மாதத்தில் அன்றுதான் அவர் குக்கர் விசிலை எண்ணவில்லை.

பி.வி.சி. குழாயை நீளவாக்கில் பாதியாக அறுத்தார்கள். அது முன்கையில் தொட்டில் மாதிரி உட்கார்ந்தது. தூண்டிலின் அடிக்கட்டை அதோடு சேர்ந்து முழங்கை வரை வந்தது. கட்டுவதற்குப் பட்டை வேண்டும். அது என் வேலை. காக்கி கேன்வாஸ் எடுத்து, உள்ளே பஞ்சு வைத்து, வெல்க்ரோ போட்டு, மணிக்கட்டுக்கு ஒன்று, முழங்கைக்குக் கீழே ஒன்று தைத்தேன். மூன்று தையல் ஓட்டினேன். என் சொந்தக்காரர்களுக்குக்கூட இரண்டு தையல்தான் ஓட்டுவேன்.

மாட்டிவிட்டுக் கையை ஆட்டச் சொன்னேன். தூண்டில் கையோடு வந்தது. விரலுக்கு வேலையே இல்லை. ரீலைச் சுற்ற இடது கை இருக்கிறது. அவர் தூண்டிலை உயர்த்தினார், இறக்கினார், மறுபடி உயர்த்தினார். வேலை அதோடு முடிந்திருக்க வேண்டும்.

வேலிக்கு மேல் பரமசிவத்தின் தலை தெரிந்தது.

"அண்ணாச்சி, ஒண்ணு சொல்லுதேன், தப்பா நினைக்காதீங்க. பெரிய மீனு இழுத்தா மத்தவன் தூண்டிலை விட்டுருவான். உங்க கையில கட்டியிருக்கு. நீங்க எப்படி விடுவீங்க? ஆளும் சேந்துல்லா தண்ணிக்குள்ள போயிருவாரு!"

 என் வீட்டுக்காரர் மெதுவாகத் தலையாட்டினார். கன்வேயர் பெல்ட்டின் ஓரமாக ஒரு கயிறு ஓடும். ஆபத்து என்றால் யார் இழுத்தாலும் பெல்ட் நின்றுவிடும். முப்பது வருஷம் அந்தக் கயிற்றோடு வாழ்ந்தவர்.

"ஆமாம்ல. பலமா இழுத்தா ட்ரிப் ஆவணும். அதான மொறை?"

"அதேதான் அண்ணாச்சி!"

அடிக்கட்டையைத் தொட்டிலோடு சேர்க்க ஒரு இரும்புப் பின் வைத்தார்கள். பலமாக இழுத்தால் பின் கழன்றுகொள்ளும், தூண்டில் போய்விடும், ஆள் பிழைப்பார். அதைச் சோதித்துப் பார்க்கத்தான் மீன் தேவைப்பட்டது.

பாஸ்!

இனி நான் ஓடலாம்.

பரமசிவம் விசில் ஊதினார். முதலில் சும்மா கிடந்தேன். பிறகு நெத்திலி வாசனையை நினைத்தேன், பட்டு ரவிக்கையை நினைத்தேன், ஃபிரிட்ஜில் ஒட்டிய தாளை நினைத்தேன். ஒரே வெட்டாக வெட்டி ஓடினேன்.

'டப்' என்று பின் கழன்றது. தூண்டில் பறந்து வந்தது. நான் வெண்டைச் செடிகளின் மேல் விழுந்தேன். ஹெல்மெட் துவைக்கிற கல்லில் 'டங்' என்று மோதியது. வேலிக்கு அந்தப் பக்கம் நாலைந்து பேர் எட்டிப் பார்த்தார்கள்.

"பாஸ்!" என்று கத்தினார் பரமசிவம். "ஹெல்மெட் இல்லைன்னா என்ன ஆயிருக்கும் மதினி?"

மூவரும் கைதட்டினார்கள். என் வீட்டுக்காரர் இடது கையால் பரமசிவத்தின் கையைப் பிடித்துக் குலுக்கினார். மீன் தப்பித்ததற்கு மீன் பிடிக்கிறவர்கள் கைதட்டி உலகத்தில் எங்காவது பார்த்திருக்கிறீர்களா? நாங்கள் நாலு பேரும் வயது வந்தவர்கள். ஒருவருக்கும் உறைக்கவில்லை. எனக்கும்தான் உறைக்கவில்லை. நன்றாக இழுத்தேன் என்று மூன்று பேரும் பாராட்டியதில் தலைகால் புரியாமல் எல்லாருக்கும் டீ போட்டேன்.

ஏரி

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து நாலு பேரும் கமால் பாயின் ஆம்னி வேனில் ஏரிக்குப் போனோம். நான் அதற்கு முன் போனதில்லை. மீன் பிடிப்பதை வேடிக்கை பார்ப்பது பால் காய்வதைப் பார்ப்பதுபோலத்தான் என்று நினைத்திருந்தேன். அன்று மட்டும் வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. இன்றைக்கும் முடியாமல் போனால் அந்தத் தூண்டில் மறுபடி பரணுக்குப் போய்விடும், பிறகு இறங்காது என்று எனக்குத் தெரியும்.

பட்டையை நான்தான் இறுக்கிக் கட்டினேன். கையை ஓங்கி வீசினார். இரையாக முள்ளில் மாட்டிய ரப்பர் தவளை ஆகாயத்தாமரைக்குப் பக்கத்தில் போய் விழுந்தது. இடது கையால் ரீலை மெல்லச் சுற்றினார். அவர் உதட்டில் பழைய சீழ்க்கை வந்தது. பரமசிவம் லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு கரையில் உட்கார்ந்திருந்தார்.

ஒரு மணி நேரம் ஒன்றும் இல்லை. பிறகு தண்ணீரில் ஒரு 'பளக்'.

"வெறாலு மச்சான்!" என்றார் கமால் பாய்.

தூண்டில் வளைந்தது. என் வீட்டுக்காரர் முழங்கையை மடக்கினார். மீன் நான் ஓடிய மாதிரியே ஒரே வெட்டாக வெட்டி ஓடியது.

'டப்'.

தூண்டில் கையை விட்டுக் கிளம்பிவிட்டது.

"பாத்தீங்களா! கரெக்டா வேலை செஞ்சிருக்கு!" என்று எழுந்து நின்று கத்தினார் பரமசிவம். கத்திய பிறகுதான் அவருக்கே உறைத்தது. அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

ஆனால் தூண்டில் முழுகவில்லை. கமால் பாய் சுற்றிய ஸ்பான்ஜ் மிதந்தது. பிடி மட்டும் தலையைக் காட்டிக்கொண்டு ஏரியில் அது இஷ்டத்துக்கு ஊர்கோலம் போனது. இடது பக்கம் போகும், நிற்கும், வலது பக்கம் போகும். நாங்கள் கரையில் அதன் கூடவே இடதும் வலதுமாக ஓடினோம். கடைசியில் ஆகாயத்தாமரையில் சிக்கி நின்றது. அதன்பிறகுதான் கவனித்தேன். என் வீட்டுக்காரர் எங்களோடு ஓடவில்லை.

பூசைக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடு தண்ணீருக்குள் நடந்துகொண்டிருந்தார். இடுப்பளவு, மார்பளவு. தூண்டிலை இரண்டு கையாலும் அணைத்து எடுத்தார். அடிக்கட்டையை நான் தைத்த முழங்கைப் பட்டைக்குள் செருகினார். அந்த இரும்புப் பின் எங்கோ ஏரியில் கிடந்தது. அது இனி வேண்டியதில்லை.

மறுபடி இழுத்தது. அவர் தடுமாறினார். கமால் பாய் செருப்போடு தண்ணீரில் குதித்தார். பரமசிவம் குதித்தார். நானும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினேன். மூன்று பேரும் தூண்டிலைப் பிடிக்கக் கையை நீட்டினோம்.

"யாரும் கை வெக்காதீங்க!"

கன்வேயர் சத்தத்துக்கு மேல் கத்திப் பழகிய குரல். மூன்று பேரும் கையை அப்படியே நிறுத்தினோம். அவர் திரும்பிப் பார்க்காமல், ஒவ்வொரு அடியாகப் பின்னால் நடந்தார். முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டு, இடது கையால் சுற்றிக்கொண்டு, மார்பளவிலிருந்து இடுப்பளவு, இடுப்பளவிலிருந்து முழங்கால். நாங்களும் கையை நீட்டியபடியே பின்னால் நடந்தோம். அவர் வழுக்கி உட்கார்ந்தார். உட்கார்ந்தபடியே இழுத்தார். மூன்று தையலில் ஒன்றுகூடப் பிரியவில்லை.

முழங்கை நீளத்துக்கு ஒரு விரால் சேற்றில் ஏறி வந்து விழுந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. எல்லார் முன்னாலும் நின்று நன்றாக அழுதேன்.

முப்பது விரல்

"போட்டோ எடுக்கணும், தூக்குங்க!" என்றேன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

கமால் பாய் முள்ளைக் கழற்றிவிட்டு மீனைத் தூக்கினார். 'சளுக்' என்று நழுவியது. "விடுங்க பாய், நான் புடிக்கேன்" என்று பரமசிவம் ஜாக்கெட் பையிலிருந்து கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டு பிடித்தார். கையுறை அவரிடம் நின்றது. மீன் துள்ளி என்னிடம் வந்தது. நான் இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தேன். கழுத்து வழியாக மேலே வந்தது. நான் அலறி விட்டுவிட்டேன்.

விரால் தரையில் தவழும் என்று அன்றுதான் பார்த்தேன். நாலு தவழல், ஒரு துள்ளல். தண்ணீரில் வளையம் மட்டும் மிச்சம்.

 நான் பயந்து பயந்து அவரைப் பார்த்தேன். சேற்றில் உட்கார்ந்திருந்த மனிதரின் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். சிரிக்கிறார். மூச்சு முட்டச் சிரிக்கிறார். "உங்களுக்கெல்லாம் என்னாய்யா கையி!" என்றார். எங்களுக்கும் பிடித்துக்கொண்டது. நாலு பேரும் சேற்றில் உட்கார்ந்து சிரித்தோம்.

சபதம் நிறைவேறிவிட்டதா என்று வழியெல்லாம் விவாதம். 'கரைக்கு வர்ற வரைக்கும்' என்றுதான் சொன்னார், கரைக்கு வந்துவிட்டது, பிறகு திரும்பிப் போனது மீனின் சொந்த விஷயம் என்று கமால் பாய் தீர்ப்புச் சொன்னார். வண்டி நேராக மந்தாரக்குப்பம் மீன் கடையில் நின்றது.

தலை முதல் கால் வரை சேறு. கையில் கட்டிய தூண்டிலோடு என் வீட்டுக்காரர் இறங்கினார். மீன்கார அம்மா மேலும் கீழும் பார்த்தாள்.

"இன்னா சார், ஏரிக்குப் போய்ட்டு இங்க வந்து மீனு வாங்குற?"

"புடிச்சது நானு. வுட்டது இவங்க மூணு பேரு. முப்பது வெரலு! எல்லாம் நல்லா மடங்குது. ஒத்த மீனை நிறுத்த முடியல" என்றார் கடைத்தெரு முழுக்கக் கேட்கும்படி.

"அப்போ இவங்களுக்கு வெறும் கொழம்பை ஊத்து சார். துண்டம் பூரா நீயே துன்னு" என்றாள் அவள், மீனை வெட்டிக்கொண்டே.

அந்த அம்மா பேச்சைத் தட்டாத மனிதர். அன்று மதியம் எங்கள் வீட்டில் நாலு இலை விழுந்தது. தூண்டிலை உருவிவிட்டு அதே பட்டையில் குழம்புக் கரண்டியைச் செருகிக்கொண்டு, ஒரு சொட்டுச் சிந்தாமல், எங்கள் மூவருக்கும் வெறும் குழம்பை ஊற்றியவர் அவர்தான்.